தாழ்ப்பாள் கேட்டு ஒரு மனு



மனு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? பட்டா, முதியோர் உதவித்தொகை, எரியாத தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட சாக்கடை! சட்டமன்ற உறுப்பினரின் அலுவலக வாயிலிலே காலையில் காத்திருப்போர் கைகளில் உள்ள தாள்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் பேசும். பேசட்டும், பேசவேண்டியவைதாம். ஆனால், இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு இன்ன வகையிலே என்னை வாட்டுகிறது என்று எழுதிய மனுவை அங்கே தேடுவது, கத்திரி வெயிலில் மார்கழிப் பனியைத் தேடுவது போலத்தான். சட்டம் டில்லியிலே பிறக்கிறது, கோட்டையிலே வளர்கிறது, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று இருந்துவிட்டோம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நம்மிற் பலர் மேடையிலே பேசக் கூசுகிற பொருள். ஒருவரை ஆண் என்றோ, பெண் என்றோ, திருநர் என்றோ அரசு ஏற்றுக்கொள்வது எவ்வாறு என்று வகுக்கும் சட்டம் ஒருபுறம். பெண்களுக்கென்றே ஒதுக்கிய கழிவறை, குளியலறை, விடுதி, சிறைக்கூடம் மறுபுறம். இரண்டும் ஒரே கதவருகே வந்து சந்திக்கும்போது என்ன செய்வது? இந்தக் கேள்வியை உங்கள் பிரதிநிதியிடம் கேட்டதுண்டா?

பிரிட்டனிலே கேட்டார்கள். பாலின அங்கீகாரச் சான்று பெறுவதை எளிதாக்கும் மசோதாவை ஸ்காட்லாந்து பாராளுமன்றம் 2022 டிசம்பர் 22-ல் 86-க்கு 39 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அடுத்த மாதமே இலண்டன் அரசு குறுக்கே நின்று தடுத்தது. பிறகு 2025 ஏப்ரல் 16-ல், அந்நாட்டு உச்சநீதிமன்றம், 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பால் அமைந்த பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. பாலினம் மாறியோருக்கு அச்சட்டம் தரும் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தீர்ப்பைக் கொண்டாடியோர் பலர் இந்தப் பின்பாதியைப் படிக்கவில்லை. தீர்ப்பை ஏசியோர் பலரும் படிக்கவில்லை! அது கிடக்கட்டும். இருதரப்பாரும் தத்தம் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார்கள், நேரில் சென்று கேட்டார்கள். அந்தப் பழக்கத்தை நாம் இரவல் வாங்கலாம். சண்டையை அப்படியே கப்பலேற்றி மயிலை மாடவீதியிலே இறக்க வேண்டியதில்லை. நம் மண்ணிலே இதற்கு வேறு வரலாறு உண்டு.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறிவீர்கள். 1927-ல் சென்னைச் சட்டமேலவையிலே துணைத் தலைவராக அமர்ந்த பெண்மணி. தேவதாசி முறையை ஒழிக்க அவர் எழுப்பிய குரலுக்கு அவையிலும் வெளியிலும் எத்தனை எதிர்ப்பு! 1930-ல், அந்த முறையிலிருந்து தப்பிவந்த சிறுமிகள் அவர் வீட்டு வாயிலை வந்தடைந்தபோது, பெண்கள் விடுதிகளிலே அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. விடுதியும் பெண்களுக்கானது, வந்தவர்களும் பெண்கள், ஆயினும் கதவு மூடிக்கொண்டது. 'அந்தக் குலத்துப் பெண்' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது! அம்மையார் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அப்படிப் பிறந்த அவ்வை இல்லம்தான் பின்னர் அடையாற்றிலே வேரூன்றியது.

இதிலே இரண்டு உண்மைகள் இருக்கின்றன, தோழரே. பெண்ணுக்கென்று தனியிடம் வேண்டும் என்பது வெற்று நாணத்திலே விளைந்த கோரிக்கை அன்று. ஆபத்திலே அகப்பட்ட பெண்கள் பெற்ற அரண் அது. அதை எள்ளி நகையாடுவோர் எவராயினும் நம் தோழர் அல்லர். இது ஒன்று. அந்த அரணின் வாயிலிலே நின்றுகொண்டு, 'நீ எங்களைப் போன்ற பெண் அல்ல, போ' என்று விரட்டும் வழக்கம் திருநங்கையரிடம் தொடங்கியதும் அன்று. இது மற்றொன்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தலைவர் கலைஞர் முதலமைச்சராக இருந்த 2008-ல் தமிழ்நாட்டிலே திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15-ல் இந்திய உச்சநீதிமன்றம், தம் பாலினம் யாதென்று தாமே உரைக்கும் உரிமை திருநருக்கு உண்டு என்றது. தீர்ப்பு வந்தது, சட்டம் வரவில்லை. அப்போதுதான் நம் கழகத்து மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா, தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். தனிநபர் மசோதா என்றால் வெள்ளிக்கிழமை பிற்பகலிலே, பாதி காலியான அவையிலே பேசி, பதில் கேட்டு, திரும்பப் பெற்றுக்கொள்ளும் சடங்கு என்பதே அதுவரையிலான வழக்கம். 'திரும்பப் பெறுங்கள்' என்று அமைச்சர்கள் வேண்டினர். சிவா பெறவில்லை. 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியது! ஓர் உறுப்பினர் உறுதியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மக்களவை அதை நிறைவேற்றவில்லை. ஒன்றிய அரசு 2016-ல் தன் மசோதாவைக் கொண்டுவந்தது. அதிலே, ஒருவர் திருநர்தானா என்று ஆராய மாவட்டந்தோறும் ஒரு குழு. மருத்துவரும் மனநல வல்லுநரும் அமர்ந்து, 'வா, காட்டு, நிரூபி' என்று கேட்க ஓர் ஏற்பாடு! பிச்சையெடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறோம் என்ற பெயரிலே, வேறு பிழைப்புக்கு வழியில்லாதோர் தலையிலே ஒரு விதி. திருநர் கொதித்தெழுந்தனர். தெருவிலே நின்றனர், நிலைக்குழுவுக்கு எழுதினர், உறுப்பினர்களின் வாயிலைத் தட்டினர். 2019 ஜூலையில் மசோதா மறுபடி வந்தபோது அந்தக் குழுவும் இல்லை, பிச்சை விதியும் இல்லை. மனு எழுதிப் பயனென்ன என்று கேட்கும் சோம்பேறித் தோழருக்கு இந்த இரண்டு வெற்றிடங்களையும் காட்டுங்கள்.

ஆனால் முழு வெற்றி இல்லை. 2019 ஆகஸ்டு 5-ல், காசுமீரச் செய்தியால் நாடே அதிர்ந்துகிடந்த அதே நாளில், மக்களவையிலே அது நிறைவேறியது. நவம்பர் 26-ல், தெரிவுக்குழு ஆராயட்டும் என்று மாநிலங்களவையிலே சிவா கொணர்ந்த தீர்மானம் தோற்க, மசோதா வென்றது. அன்று நிறைவேறிய வடிவில், மாவட்ட ஆட்சியரிடம் மனுச்செய்து சான்று பெறவேண்டும். அறுவைக்குப் பின் ஆண் என்றோ பெண் என்றோ மாற்ற, மருத்துவச் சான்றோடு மீண்டும் செல்லவேண்டும். இன்னொன்று நெஞ்சைச் சுடுவது: திருநர் மீது பாலியல் கொடுமை இழைத்தவனுக்கு அச்சட்டம் வைத்த தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தது பத்தாண்டு! உடலுக்கு உடல் விலை வேறா?

இப்போது கதவருகே வருவோம்.

2021-ல் நகரப் பேருந்துகளிலே மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சில வாரங்களிலேயே அது திருநங்கையருக்கும் விரிந்தது. மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பேருந்துகள் வழக்கம்போலவே ஓடின. வானம் இடிந்து விழவில்லை. ஆயினும், 'பேருந்து இருக்கை வேறு, ஆடை களையும் அறை வேறு' என்று ஒரு தோழி சொன்னால், அவர் சொல்வதிலே நியாயம் உண்டு. குளிக்கும் இடம், உறங்கும் இடம், சிறையிலே பூட்டிவைக்கும் இடம் ஆகியவற்றிலே ஒரு பெண் கேட்கும் பாதுகாப்பை 'பிற்போக்கு' என்ற ஒற்றைச் சொல்லால் அடித்துவிட முடியாது. அவள் அச்சம் அவள் பட்டறிவிலே பிறந்தது. அந்த அச்சத்தை அவளுக்குக் கொடுத்தவர் யார் என்றுதான் பார்க்கவேண்டும்.

2018 டிசம்பரிலே ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதி. குளியலறையிலும் படுக்கையறையிலும் மறைத்துவைத்த கேமராக்கள் அகப்பட்டன. கைதானவர் யார்? திருநங்கையா? இல்லை, விடுதியை நடத்திய ஆண்! மகளிர் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டமன்றம் 2014-லேயே சட்டம் இயற்றியிருந்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது. கேமரா சுவரிலே இருந்தது. அந்தக் கைதுக்குப் பின்னர்தான் சென்னை மாவட்ட நிர்வாகம் உரிமம் எங்கே என்று விடுதிகளை விரட்டிக் கேட்கத் தொடங்கியது.

நாடகக்காரன் நான், ஒரு காட்சி எழுதாமல் இருக்க இயலவில்லை. கற்பனைதான். இடம்: தியாகராயநகர்ப் பேருந்து நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் கழிவறையின் வாயில். காலையிலிருந்து துணிக்கடையிலே நின்ற ஒரு பெண், பின்னால் ஒரு திருநங்கை, கோலூன்றிய காவலாளி.

காவலாளி: நீ இந்தப் பக்கம் வரக்கூடாது.

திருநங்கை: எந்தப் பக்கம் போவதண்ணே? ஆண்கள் பக்கம் போனால் என் சேலையை உருவுகிறார்கள்.

கடைப்பெண்: அக்கா போகட்டும் அண்ணே. ஆனால் அக்கா, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உள்ளே நாலு கதவு, தாழ்ப்பாள் ஒன்றில்தான்.

திருநங்கை: தாழ்ப்பாள் இல்லாமல் நான் மட்டும் பயப்படாமலா போகிறேன், தங்கச்சி?

திரை! இந்த இருவரும் எதிரிகள் என்று உங்களிடம் சொல்கிறவர், தாழ்ப்பாள் வாங்கவேண்டிய பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். காவலாளி உடலைச் சோதித்து உள்ளே விடட்டும் என்கிறவர், முதலில் சோதிக்கப்படப்போவது குரல் கனத்த, முடி குட்டையான, உயரமான சாதாரணப் பெண்தான் என்பதையும் சொல்லமாட்டார். பிறப்புப்படியே பிரிப்போம் என்றால், தாடி வளர்ந்த திருநம்பி பெண்கள் பக்கம் வரவேண்டும். அது யாருக்கு நிம்மதி?

என் தீர்ப்பு இது: கழிவறைக்கு, தரையிலிருந்து மேல்வரை மூடிய தனித்தனி அறையும் தாழ்ப்பாளும், அதோடு எவரும் செல்லத்தக்க ஓர் அறை. விடுதிக்கு உரிமமும் ஆய்வும், பொதுக்குளியலுக்குப் பதில் தனிக்குளியலறையும். சிறைக்கோ ஒரே விதி போதாது. உள்ளே இருக்கும் பெண்களின் பாதுகாப்பையும், வருகிறவரின் பாதுகாப்பையும் ஒவ்வொருவராக எடைபோட்டு முடிவுசெய்யவேண்டும். இதை ஏற்காத தோழர் எனக்கு எழுதலாம். ஆனால் முதலில் தம் பிரதிநிதிக்கு எழுதட்டும்.

எந்தப் பிரதிநிதிக்கு? இங்கேதான் நம் மனுக்கள் வழிதவறுகின்றன. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றத்தினுடையது. மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு மூன்றும் தென்சென்னை மக்களவைத் தொகுதி. தண்டனை வேறுபாட்டை அங்கேதான் கேட்கவேண்டும். விடுதிச் சட்டம் சட்டமன்றத்தினுடையது. அடையாற்றுக்காரர் வேளச்சேரித் தொகுதி உறுப்பினரைத்தான் பார்க்கவேண்டும். கடைப் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தியதும் அதே சட்டமன்றம்தான். ரங்கநாதன் தெருவிலே இருக்கைக்காகப் பேசிய சட்டமன்றம், கழிவறைக்குச் செல்ல நேரம் தருவதற்காகப் பேசக்கூடாதா? தாழ்ப்பாளோ மாநகராட்சியினுடையது. 2022-ல் தேர்ந்தெடுத்த 200 வார்டுகளில் பாதிக்கு மேல் பெண் உறுப்பினர்கள். தாழ்ப்பாளின் அருமையை அவர்களுக்கு விளக்க உரை வேண்டியதில்லை. அதே தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37-ஆம் வார்டில், நம் கழகத்தின் சார்பிலே திருநங்கை கங்கா நாயக் வென்றார் என்பதும் நினைவிருக்கட்டும்.

மனுவிலே முழக்கம் வேண்டாம். முழக்கத்துக்கு மேடை இருக்கிறது. ஒன்றிய அரசு 2020 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள், திருநருக்கான கழிவறை, மருத்துவமனைத் தனிப்பிரிவு முதலியவற்றை இரண்டு ஆண்டுகளுக்குள் அமைக்கவேண்டும் என்றன. கெடு 2022 செப்டம்பரோடு முடிந்தது. சட்டத்தை ஏட்டோடு வைத்துக்கொண்டு அரசுகள் சும்மா இருக்கின்றன என்று 2025 அக்டோபரில் உச்சநீதிமன்றமே கடிந்துகொண்டது. ஆகவே கேளுங்கள்: என் வார்டிலே எத்தனை பெண்கள் கழிவறை? எத்தனை கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டு? எவரும் செல்லத்தக்க அறை எத்தனை? இரவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? உரிமம் இல்லாத விடுதி எத்தனை?

நீங்களே ஒருமுறை சென்று எண்ணிவிட்டு எழுதுங்கள். பெண் தோழர்கள் உடன் இல்லாமல் ஆண் தோழர்கள் இந்த வேலைக்குக் கிளம்பவேண்டாம். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றிலே நாளும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளிலே பதில் வராவிட்டால், அந்த முத்திரையிட்ட படியை மேலே வைத்து, அதே கேள்விகளை மறுபடி எழுதி, இம்முறை பத்துப் பேராகச் செல்லுங்கள்.