இரவில் தூக்கிவிட ஆள்

"மூணு பிள்ளை பெத்தும் நாதியத்துப் போச்சே!" எங்கள் தர்மபுரிப் பக்கம் ஒருவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தால் ஊர் சொல்லும் முதல் வார்த்தை இது. அடுத்த வார்த்தை மருமகள் மேல் விழும்.

பாலக்கோடு அருகே அப்படிப் பேச்சு வாங்கிய ஒரு வீட்டை அறிவேன். மகனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாமியாருக்குக் களி கிண்டி ஊட்டியது, மாத்திரை கொடுத்தது எல்லாம் மருமகள்தான்; அதெல்லாம் அவருக்குப் பாரமாக இல்லை. மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் வீடு ஆட்டம் கண்டது. படுக்கைப்புண் வராமல் இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும். தனியாளாகத் தூக்கித் தூக்கி மருமகளுக்கே இடுப்பு போயிற்று. அதன் பிறகே இல்லத்தை விசாரித்தார்கள்.

இந்த மாவட்டத்து முதுமைக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு பலருடைய எலும்பில் ஏறியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கியது. இன்று எழுபதைத் தாண்டியவர்கள் அதற்குள் ஆயுளில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டார்கள். இறுகிப்போன மூட்டும் வளைந்த முதுகும் இனி நல்ல தண்ணீரால் நிமிராது. அப்படிப்பட்ட உடம்பைக் குளிப்பாட்ட ஒருவர் போதாது.

பராமரிப்பதாகச் சொல்லி நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இரக்கமில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சமும் கேட்கலாம். ஆனால், பணம் அனுப்பும் மகன் இருக்கிற வீட்டில், ராத்திரி தூக்கிவிட ஆளில்லாததற்கு இந்தச் சட்டம் என்ன செய்யும்? 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் இரவுக்கு ஆள் வைக்க முடியுமா?

2021-இல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலுக்கே மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுவந்தது. அருமையான வேலை. ஆனால் வந்தவர்கள் பொழுதோடு போய்விடுவார்கள்.

ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பகல் காப்பகம் வேண்டும். பார்த்துக்கொள்கிறவர் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க, முதியவரைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் இடம் வேண்டும். நோயாளியைத் தூக்கவும் புரட்டவும் மகளிர் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரவுக்கு அனுப்பலாம். அதற்கான சம்பளத்தை அரசு கொடுக்கட்டும்.