நடையைப் போற்றி மனிதரை மறைப்போர்

டஷீல் ஹமெற் என்னும் அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரே பல்லவியைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. அவருடைய வசனம் கத்தி போன்றது; அவருடைய உரையாடல்கள் இறுக்கமானவை; ஹெமிங்வேயோடு ஒப்பிடத்தக்க சொற்சிக்கனம் அவரிடம் உண்டு; பாவம், பிற்காலத்தில் அரசியலிலே விழுந்து எழுத்தை இழந்தார். இத்தனையும் சொல்லி ஒரு பெருமூச்சும் விட்டால் விமர்சகரின் கடமை முடிந்துவிடுகிறது. இந்தப் பல்லவியின் முற்பாதி அரை உண்மை. பிற்பாதி முழுப் பொய். கலை கலைக்காகவே என்ற பழைய சரக்கைப் புதிய உறையிலிட்டு விற்பதற்கு ஹமெற்றின் பெயரும் பயன்படுத்தப்படுகின்றது என்பதாலேயே இதனைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

அதற்கு முன் நம் அணியைச் சேர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. துப்பறியும் நாவல் என்றதுமே முகஞ்சுளிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுடைய வெறுப்பில் நியாயமில்லாமல் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலந்தொட்டுத் தமிழில் வந்து குவிந்த மர்ம நாவல்களிற் பெரும்பகுதி ஆங்கிலச் சரக்கின் தழுவல்தான். அந்த ஆங்கில மூலமோ ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின் கனவு. நாட்டுப்புறத்துப் பெரிய மாளிகை. அங்கே ஒரு பிணம். விருந்தினருள் ஒருவன் கொலைகாரன். அறிவிற் சிறந்த கனவான் ஒருவர் வந்து அவனைச் சுட்டிக்காட்டியதும், பணியாட்கள் மீண்டும் தேநீர் கொண்டுவருகின்றனர். மாளிகை யாருடையது, அது எந்தப் பணத்தில் எழுந்தது என்ற வினாவைக் கேட்கும் உரிமை அந்தக் கதைகளில் எவருக்கும் இல்லை. சமுதாயம் நல்லது, ஒரு மனிதன் மட்டும் கெட்டவன்: இதுவே அவற்றின் தத்துவம். இதனை வெறுப்பது சரியே. ஆனால் அந்தத் தத்துவத்தை உள்ளே நின்று உடைத்தவரையும் அதே கூடையிற் போட்டு மூடிவிடுவது சோம்பேறித்தனம்.

ஹமெற் 1894ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்திற் பிறந்தவர். பதினான்கு வயதளவிற் பள்ளியை விட்டு, கிடைத்த வேலைகளைச் செய்து திரிந்து, 1915இல் பிங்கேர்ட்டன் துப்பறியும் நிறுவனத்திற் சேர்ந்தார். இந்த நிறுவனத்தைப் பற்றி அறியாமல் ஹமெற்றின் எழுத்தைப் பற்றிப் பேசுவது வீண். பெயர்தான் துப்பறியும் நிறுவனம். தொழிலோ முதலாளிகளுக்குக் கூலிப்படை திரட்டுவதும் சங்கங்களுக்குள் ஒற்றர்களை நுழைப்பதுமாகும். 1870களில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே மக்பார்லண்ட் என்ற பிங்கேர்ட்டன் ஒற்றன் தோழனாக நடித்து வாழ்ந்தான். அவனுடைய சாட்சியம் முக்கிய ஆதாரமாக அமைந்த வழக்குகளின் முடிவில் இருபது பேர் தூக்கிலேற்றப்பட்டனர். 1892ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹோம்ஸ்ரெட் நகரிற் கார்னகியின் உருக்காலைத் தொழிலாளரை அடக்குவதற்காக முந்நூறு பிங்கேர்ட்டன் ஆட்கள் துப்பாக்கிகளோடு தெப்பங்களில் ஆற்றுவழி அனுப்பப்பட்டனர். அங்கே நடந்த சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. இலவச நூலகங்களை வாரி வழங்கிய வள்ளல் என்று நமது பாடநூல்கள் போற்றும் கார்னகி இவரேதான் என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லிவைப்பது நன்று.

இத்தகைய நிறுவனத்தில் ஹமெற் 1922 வரை, இடையிற் படைச்சேவைக்குப் போன காலம் நீங்கலாக, வேலை செய்தார். அக்காலத்துச் சம்பவமொன்று பலராலும் எடுத்தாளப்படுகிறது. 1917 ஜூன் மாதம் மொன்ரானா மாநிலத்தின் பியூற் நகரச் செம்புச் சுரங்கமொன்றில் மூண்ட தீயில் 168 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்து வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளரை அணிதிரட்ட வந்த ஃபிராங்க் லிற்றில் என்ற உலகக் கைத்தொழிலாளர் சங்கத் தலைவரை ஆகஸ்ட் 1ஆம் திகதி முகமூடியணிந்த சிலர் இழுத்துச் சென்று புகையிரதப் பாலமொன்றிலே தூக்கிலிட்டனர். கொலையாளிகள் எவரும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை. லிற்றிலைக் கொல்வதற்குத் தமக்கு 5,000 டொலர் தருவதாகப் பேரம் பேசப்பட்டதென்று ஹமெற் கூறியதாக, அவருடைய நீண்டகாலத் துணைவியாகிய நாடகாசிரியை லிலியன் ஹெல்மன் பிற்காலத்தில் எழுதினார். வேறு சான்று இல்லாமையால் ஆராய்ச்சியாளர் சிலர் இதனை ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே, நாம் இதன்மீது எதனையும் கட்டியெழுப்பப் போவதில்லை. கட்டியெழுப்பத் தேவையுமில்லை. ஹமெற் தாம் எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பதற்கு அவருடைய முதல் நாவலே போதுமான வாக்குமூலம்.

1929இல் வெளிவந்த ‘சிவப்பு அறுவடை’யின் களம் பேர்சன்வில் என்னும் சுரங்க நகரம். அங்குள்ளவர்கள் அதனை நச்சூர் என்னும் பொருள்படத் திரித்து அழைக்கின்றனர். சுரங்கம், வங்கி, செய்தித்தாள்கள் யாவும் எலிஹு வில்சன் என்ற கிழவரின் சொத்து. ஆட்சியாளரும் அவர் சட்டைப்பைக்குள். தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அதனை முறியடிப்பதற்காக அவர் அடியாட்களை வரவழைத்தார். எட்டு மாதப் போராட்டம் இரத்தத்தில் முடிந்தது, சங்கம் நொறுங்கியது. ஆனால் வந்த அடியாட்கள் திரும்பிப் போகவில்லை. நகரமே அவர்கள் கைக்குப் போய்விட்டது. கதை தொடங்குவது இதற்குப் பிறகுதான். பெயர் கூறப்படாத, தடித்த, குள்ளமான துப்பறிவாளன் ஒருவன் வருகிறான், கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறான், பிணங்கள் குவிகின்றன, ஈற்றில் நகரம் துடைத்துக் கழுவப்பட்டு, மீண்டும் அதே கிழவரின் கையில் ஒப்படைக்கப்படுகிறது.

இந்த முடிவை வாசகர் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மாளிகைக் கதையில் கொலைகாரன் பிடிபட்டதும் ஒழுங்கு மீளுகிறது, நாம் மகிழ்கிறோம். இங்கும் ஒழுங்கு மீளுகிறது. ஆனால் அந்த ஒழுங்குதான் முதற்குற்றவாளி. கும்பல்களின் கொலைகள் ஆதிக் குற்றமொன்றின் வட்டியும் குட்டியுமே. அந்த ஆதிக் குற்றத்தைச் செய்தவனிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்பதற்கென வந்தவனும் அவனிடமே கூலி பெறுகிறான். துப்பறியும் நாவல் என்ற வடிவத்தை வைத்துக்கொண்டே அந்த வடிவத்தின் பொய்யை அம்பலப்படுத்திய இச்செயலை ‘கத்தி போன்ற நடை’ என்ற ஒரு சொற்றொடரால் மூடிவிட முடியுமா?

நம்மவர் சிலர் கேட்கக்கூடும்: அந்த நாவலிலே தொழிலாளர் எங்கே? சங்கத் தலைவர் ஒருவர் தொடக்கத்தில் வந்து நகரின் வரலாற்றைச் சொல்வதோடு சரி. இயக்கத்துக்கு அங்கே வேறு வேலையில்லையே? கேள்வி சரியானது. அது நாவலின் குறை என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் இல்லாத எழுச்சியொன்றைக் கடைசி அத்தியாயத்திற் கொண்டுவந்து ஒட்டிச் செங்கொடியேற்றும் வித்தையை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். தோற்கடிக்கப்பட்ட சங்கமொன்றின் வெறுமையில் எத்தகைய ஆட்சி முளைக்கும் என்பதைக் காட்டிய ஹமெற், அந்த வித்தைக்காரரை விட வாசகனை மதித்தவர்.

இனி நடையின் சங்கதிக்கு வருவோம். அந்த நடை வானத்திலிருந்து குதித்ததன்று. பிங்கேர்ட்டன் ஊழியன் நாள்தோறும் அறிக்கை எழுத வேண்டும்: யாரைப் பின்தொடர்ந்தான், எத்தனை மணிக்கு, அவன் எந்தக் கதவால் நுழைந்தான், என்ன சொன்னான். ஊகத்துக்கும் உணர்ச்சிக்கும் அங்கே இடமில்லை. இந்தப் பயிற்சியையே ஹமெற் கலையாக்கினார். காசநோயால் உடல் நலிந்து, வேலையை விட்டு, சான் பிரான்சிஸ்கோவில் மனைவியையும் குழந்தையையும் காப்பாற்றுவதற்காக, ‘கறுப்பு முகமூடி’ போன்ற மலிவுக் கடதாசிச் சஞ்சிகைகளுக்குச் சொற்கணக்கிற் கூலி பெற்று எழுதினார். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர் சொற்களைச் சுருக்கினார் என்பதைத் தூய நடைவாதிகள் ஏனோ கவனிப்பதில்லை. ஒற்றனின் அறிக்கை முதலாளிக்காக எழுதப்பட்டது. அதே மொழியை அவர் அந்த முதலாளியைப் பற்றி எழுதுவதற்குத் திருப்பினார். நடையின் மகத்துவம் இங்கேதான் இருக்கிறது.

‘மால்டா வல்லூறு’ 1930இல் வந்தது. பொன்னும் மணியும் இழைத்த பறவைச் சிலையொன்றுக்காக ஒருவரையொருவர் ஏமாற்றிக் கொன்று குவிக்கிறார்கள். கையிற் கிடைத்ததும் சுரண்டிப் பார்த்தால் வெறும் ஈயம். அப்போதும் அந்தக் கூட்டத்தின் தலைவன் மனந்தளரவில்லை. உண்மைச் சிலையைத் தேடி மீண்டும் புறப்பட ஆயத்தமாகிறான். பொருளின் மீது மனிதன் கொள்ளும் மாயையைப் பொருளாதார வகுப்பில் ஒரு தவணை முழுவதும் விளக்கும் ஆசிரியர் இக்காட்சியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடுத்த ஆண்டில் வந்த ‘கண்ணாடிச் சாவி’யிற் கொலையாளி தெருப் போக்கிரி அல்லன், மதிப்புக்குரிய செனற்றர், கொல்லப்பட்டவன் அவருடைய சொந்த மகன். ‘மெலிந்த மனிதன்’ 1934இல் வந்தது. அது நகைச்சுவையாற் புகழ் பெற்றது. நமக்கு அதில் அவ்வளவு ஈடுபாடில்லை. அத்தோடு நாவல்கள் நின்றன.

இப்பொழுது பெருமூச்சு விடும் விமர்சகரிடம் ஒரு கணக்குக் கேட்போம். அரசியல் அவருடைய எழுத்தைக் கொன்றதென்றால், கொலை முதலில் நடந்து கொலையாளி பின்னால் வந்தது எப்படி? கடைசி நாவல் 1934இல். கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் சேர்ந்தது 1930களின் பிற்பகுதியில். துப்பறியும் கதை எழுதும் கற்றுக்குட்டிகூட இப்படிப்பட்ட குற்றச்சாட்டைக் கொண்டுவரமாட்டான். 1934க்கு முன்பே அவர் வாழ்விற் புகுந்தது எதுவென்று பார்த்தால், அது ஹொலிவூட்டின் பணமும் அப்பணம் வாங்கித் தந்த மதுவுமேயாகும். ‘மெலிந்த மனிதன்’ திரைப்படமாகி, 1947 வரை அதன் வாலாக மேலும் ஐந்து படங்கள் வந்தன. எழுதாமலே செல்வம் சேர்ந்தது. சேர்ந்த வேகத்திலேயே கரைந்தது. மனைவியும் இரு பெண் மக்களும் பிரிந்தே வாழ்ந்தனர். ஓர் எழுத்தாளனின் கையைக் கட்டிப்போடச் சிறைதான் வேண்டுமென்பதில்லை. சொகுசு விடுதியும் போதும்.

அவரைத் தெய்வமாக்குவது நமது நோக்கமன்று. 1938இல் மொஸ்கோ வழக்குகளின் தீர்ப்பை ஆதரித்து அமெரிக்க எழுத்தாளர் பலர் விடுத்த அறிக்கையில் ஹமெற்றின் கையொப்பமும் உண்டு. பொய் வாக்குமூலங்களின் மீது கட்டப்பட்ட வழக்குகள் அவை. வாக்குமூலம் எவ்வாறு பிழிந்தெடுக்கப்படுகிறது என்பதைத் தொழில்முறையில் அறிந்திருந்த ஒருவர் இதில் ஏமாந்தது மன்னிக்க எளிதானதன்று. இதனை மூடிமறைத்து அவருக்கு மாலை சூட்டுவோர் எதிரிக்கே உதவுகின்றனர்.

ஆனால் 1951ஐயும் அதே தராசில் வைக்க வேண்டும். இடையில் ஒரு செய்தி: 1942இல், நாற்பத்தெட்டு வயதில், நோயுற்ற நுரையீரலோடு, அவர் சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்து பாசிசத்துக்கு எதிரான போரில் அலூசியன் தீவுகளுக்குப் போனார், அங்கே படையினருக்கான நாளேடொன்றையும் நடத்தினார். போர் முடிந்தபின் குடியுரிமைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் பிணைநிதிக்குப் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். ஸ்மித் சட்டத்தின் கீழ் 1949இல் தண்டிக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் பதினொருவரை அந்நிதி பிணையில் எடுத்திருந்தது. 1951 ஜூலையிற் சிறைக்குச் செல்ல வேண்டிய நாளில் அவர்களுள் நால்வர் தலைமறைவாயினர். உடனே அரசு நிதியின் பொறுப்பாளர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தது. பணம் தந்தவர்கள் யார்? பெயர்களைச் சொல்.

பெயர் தந்தால் அந்த மனிதர்களின் கதி என்னவாகும் என்பது அக்கால அமெரிக்காவில் எல்லோரும் அறிந்ததே. ஆசிரியனாயின் வேலை போகும். தொழிலாளியாயின் ஆலைக்கதவு அடைபடும். ஹமெற் பதில் சொல்ல மறுத்தார். ஆவணத்திலிருந்த கையெழுத்து தம்முடையதா என்ற கேள்விக்குக்கூட விடையளிக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை. கறுப்பின அறிஞராகிய அல்பியஸ் ஹண்டன் முதலிய மற்றப் பொறுப்பாளர்களும் சிறை சென்றனர். பணம் தந்தவர்களின் பெயர்களே அவருக்குத் தெரிந்திருக்காது என்று ஹெல்மன் எழுதினார். தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாமே என்று உலகியல் அறிந்தவர்கள் கேட்பார்கள். கேட்கும் உரிமையே உனக்கில்லை என்பவன் அப்படிச் சொல்லமாட்டான். ஆளைத் தேடிப் பெயரை விற்பதைத் தொழிலாகக் கொண்ட நிறுவனத்தில் இளமையைக் கழித்த மனிதர், ஐம்பத்தேழு வயதிற் பெயர் சொல்ல மறுத்துக் கென்ரக்கிச் சிறையிலே கழிவறை கழுவினார். ‘அரசியலில் விழுந்தார்’ என்று விமர்சகர் எழுதுவது இதனைத்தான்.

வெளியே வந்தபோது அவருடைய கதாபாத்திரங்களைக் கொண்ட வானொலித் தொடர்கள் நிறுத்தப்பட்டிருந்தன. வரிப் பாக்கி என்று ஓரிலட்சம் டொலருக்கு மேற் கேட்டு, வரும்படி அனைத்தையும் அரசு தடுத்துக்கொண்டது. 1953 மார்ச்சில் மக்கார்த்தியின் குழு அவரை அழைத்து, அமெரிக்க அரசின் வெளிநாட்டு நூலகங்களில் அவர் நூல்கள் இருக்கலாமா என்று விசாரித்தது. கம்யூனிசத்தை எதிர்க்கப் பணம் செலவிடும் பொறுப்பு உம்மிடமிருந்தால் உம் போன்றவர்களின் நூல்களை வாங்குவீரா என்று மக்கார்த்தி கேட்டார். தாமாயின் மக்களுக்கு எந்த நூலையுமே கொடுக்கமாட்டார் என்ற கருத்துப்பட ஹமெற் பதிலளித்தார். நடையைப் போற்றுவோர் இந்தப் பதிலையும் நடைக்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

1961 ஜனவரி 10ஆம் திகதி நியூ யோர்க்கில் ஹமெற் மறைந்தார். இரு போர்களில் சேவை செய்தவரென்ற முறையில் ஆர்லிங்ற்றன் தேசிய மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். 1999இல் அமெரிக்க நூலகம் என்னும் பதிப்பகம் அவருடைய நாவல்கள் ஐந்தையும் ஒரே தொகுதியாக்கி, அந்நாட்டின் உயர்ந்த எழுத்தாளர் வரிசையில் அவரை அமர்த்தியது.

அவருடைய மௌனத்தைப் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு முகவரி தருகிறோம். நியூ யோர்க் நகரில், கம்யூனிஸ்ட்களின் முயற்சியால் நடந்த ஜெபர்சன் சமூக விஞ்ஞானப் பள்ளியில் ஹமெற் 1946 தொடக்கம், சிறையிலிருந்த மாதங்கள் நீங்கலாக, பல ஆண்டுகள் வகுப்பெடுத்தார். அவர் கற்பித்த பாடம் மர்மக்கதை எழுதுவது. அரசின் நெருக்குதலினால் அப்பள்ளி 1956இல் மூடப்பட்டது.