எல்லா வயிற்று வலியும் 'கேஸ்' இல்லை!

பெண்களுக்கு வயிறு வலித்தால் பல வீடுகளில் ஒரே பதில்தான்: "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி." அதுவே வீட்டுக்காரருக்கோ பிள்ளைக்கோ வலித்தால் உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடுகிறோம். இது என்ன நியாயம்?

எங்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலை நேரத்தில் பாருங்கள். 5 மணிக்கு எழுந்து, டிபன் செய்து, சாப்பாடு கட்டி, எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பெண்கள் சாப்பிட உட்காரும்போது மணி 11. எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு அதுவும் இல்லை, ஒரு டீயோடு சரி. நடுவில் இடுப்பு வலியோ மாதவிலக்கு வலியோ வந்தால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பம். இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றும் பொருளையும் சேர்த்துக் குறைத்துவிடுகின்றன. அடிக்கடி போட்டால் புண்ணாகும், ரத்தம்கூடக் கசியலாம். சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும், தினமும் போட்டால் ஆபத்துதான்.

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்றால் பெயரே இல்லாத மாத்திரையை வேலை இடத்திலேயே கொடுத்தார்களாம். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்க மனமில்லை, மாத்திரை கொடுக்க மட்டும் மனம் இருக்கிறது! நம் வயிற்றுக்குள் போவது என்ன மாத்திரை என்று கேட்கும் உரிமைகூட நமக்கு இல்லையா?

"காரம் தின்னதால அல்சர்" என்பதும் முழு உண்மையில்லை. அல்சருக்கு முக்கியக் காரணங்களில் இந்த வலி மாத்திரைகள் ஒன்று. இன்னொன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது. டாக்டர் சொன்ன நாள்வரை மருந்து சாப்பிட்டால் இந்தக் கிருமி போய்விடும். சோடாவுக்கெல்லாம் அது சாகாது.

ஓமத் தண்ணீருக்கும் சீரக மோருக்கும் நான் எதிரியில்லை. சாதாரண அஜீரணத்துக்கு அதுவே போதும். ஆனால் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வாலாக இருக்கலாம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே பிடித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம். நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்தால், கரு குழாயிலேயே தங்கியிருக்கலாம்; உயிருக்கே ஆபத்து. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும், ரத்த வாந்தி எடுத்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. போட்ட மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

சகோதரிகளே, கடைசியாகச் சாப்பிடுவதும் வலியை மறைப்பதும் குடும்பப் பெண்ணின் லட்சணம் என்று யார் சொன்னது? அடுப்பிலிருந்து இறங்கும் முதல் இரண்டு இட்லியை நாம் சாப்பிட்டால் குடும்ப மானம் ஒன்றும் போய்விடாது. வீட்டு ஆண்களும், "நீ சாப்பிட்டியா?" என்று காலையிலேயே ஒரு வார்த்தை கேட்கலாமே!

- ஒரு வாசகி, அம்பத்தூர்.