ரத்தச் சான்றிதழ் எவனுக்கு வேண்டும்?

"சோமாலிக்காரன் அசல் ஆப்பிரிக்கன் இல்ல சார். மூக்கைப் பாருங்க, முடியைப் பாருங்க. பாதி அரபு ரத்தம். இப்ப டி.என்.ஏ.யிலயே நிரூபிச்சிட்டாங்க."

வங்கியில் என் பக்கத்துக் கவுண்டர்க்காரர் டீ நேரத்தில் சொன்னது இது. மூக்கையும் முடியையும் வைத்து மனுசனுக்குத் தரம் பிரிக்கிறவர் அடுத்ததாக யாரிடம் வந்து நிற்பார் என்பது எனக்குத் தெரியும். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் தோழர்கள் கூட்டம். அங்கே ஒரு தோழர் ஆவேசமாகச் சொன்னார்: "மரபணு ஆராய்ச்சி வந்திடுச்சு தோழர். நாமதான் இந்த மண்ணோட பூர்வகுடின்னு இனி ரத்தத்தைக் காட்டியே நிரூபிச்சிடலாம். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?" கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. கவுண்டர்க்காரரும் தோழரும் எதிரெதிர் ஆட்கள். ஆனால் சரக்கு வாங்குவது ஒரே கடையில். அந்தக் கடைச் சரக்கை வாங்கிச் சாப்பிட்டவர்கள் கதி என்ன ஆனது என்பதைச் சோமாலியரை வைத்தே பேசுவோம். பேச்சு ஆரம்பித்தது அங்கேதானே.

சோமாலிக் குழந்தைக்கு எழுத்து வருவதற்கு முன்பே அப்பன், பாட்டன், பூட்டன் என்று வரிசையாகப் பேர் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்திர்சீன்யோ என்று அதற்குப் பேர். அப்பன்மார்களை எண்ணுவது. இருபது தலைமுறை, முப்பது தலைமுறை என்று போகும். வறண்ட மேய்ச்சல் நிலத்தில் எதிரே வருகிறவன் உறவா பகையா, கிணற்றில் யாருக்கு உரிமை, கொலை நடந்தால் ரத்தப்பணம் யார் கட்டுவது, எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உச்சியில் பல குலங்களுக்கு அரபு நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த ஒரு ஷேக் இருப்பார். தாரோத் குலத்துக்கு ஷேக் அப்துர் ரஹ்மான் ஜபர்தி. இசாக் குலத்துக்கு ஷேக் இசாக். குலப்பிரிவைக் குறிக்க ‘ஹபர்’ என்று தாயின் பேரில் அழைப்பதும் உண்டுதான். ஆனால் எண்ணப்படுகிற வரிசையில் அவள் இல்லை. பெற்றவள் அடைமொழி, பெறச் செய்தவன் வரலாறு!

இந்தப் பெருமைக்கு வெள்ளைக்காரன் வந்து முத்திரை குத்தினான். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன ஸ்பீக் 1863-ல் எழுதிய நூலில், ஆப்பிரிக்காவின் நடுவே அரசாண்டவர்கள் எல்லாம் வடகிழக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம் என்று ஒரு கதை கட்டினான். 1930-ல் செலிக்மன் அதைப் பாடநூல் ஆக்கினான். ஆப்பிரிக்காவில் நாகரிகம் என்று எது இருந்தாலும் அது ‘ஹாமியர்’ கொண்டுவந்ததாம். சோமாலியர் அதில் கிழக்கு ஹாமியராம். ஆப்பிரிக்கனுக்குச் சொந்த மூளை இருக்க முடியாது என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வித்தை இது. இதே கதைதான் ருவாண்டாவில் துத்சிகளை வந்தேறி ஆக்கியது. அது எங்கே போய் முடிந்தது என்பதை 1994-ல் உலகம் பார்த்தது.

பிரிட்டிஷ் கென்யாவில் இருந்த சோமாலியரில் ஒரு பகுதியினர், முக்கியமாக இசாக் குலத்தார், 1930களில் ஒரு போராட்டம் நடத்தினார்கள். எங்களைச் சுதேசி என்று எழுதாதே, இந்தியர்களைப் போல ஆசியர் என்று எழுது, அதற்காகக் கூடுதல் வரி கட்டவும் தயார் என்றார்கள். அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். சுதேசி என்று எழுதப்பட்டால் கழுத்தில் ‘கிபாண்டே’ அடையாளத் தகரம் தொங்கும். அதிலிருந்து தப்பிக்க எவனும் ஆசைப்படுவான். ஆனால் கழுத்துத் தகரத்தை உடைத்தெறியச் சொல்லவில்லை. தன் கழுத்திலிருந்து மட்டும் கழற்றச் சொன்னார்கள். ரத்தத்தை ஆதாரமாகக் காட்டுகிற எந்த வழக்கும் கடைசியில் இந்தத் தீர்ப்பைத்தான் வாங்கித் தரும்.

சரி, ரத்தம் என்னதான் சொல்கிறது? அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம். தாயிடமிருந்து மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. 2005-ல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், டென்மார்க்கில் வாழ்ந்த 201 சோமாலி ஆண்களின் ஒய் குரோமோசோம் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 77 பேருக்கு மேல் ஒரே வகை. இன்று இ-எம்78 என்று குறிக்கப்படும் கிளை. வடகிழக்கு ஆப்பிரிக்காவிலேயே கிளைத்தது. எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒரோமோ மக்களிடமும் நிறைய இருப்பது. ஐரோப்பா, ஆசியாவோடு சேர்த்துச் சொல்லப்படும் தந்தைவழிக் கிளைகள் மொத்தமே நூற்றுக்குப் பதினைந்து போல.

தாய்வழிக் கணக்கு 2012-ல் வந்தது. 190 பேர். பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் பழைய ‘எல்’ கிளைகள். மீதி, கடலுக்கு அப்பால் வேர்கொண்ட கிளைகளும் அவற்றிலிருந்து ஆப்பிரிக்காவிலேயே பிரிந்த கிளைகளும். அதாவது, அக்கரைத் தொடர்பு அப்பனைவிடத் தாய்வழியில்தான் அதிகம். முப்பது தலைமுறை அப்பன் பேரை ஒப்பித்து நிரூபிக்கப் பார்த்த உறவை, பேரே எழுதப்படாத பாட்டிகள் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அந்தக் கலப்பும் ஷேக்குகள் காலத்தது அல்ல. மூவாயிரம் வருசம் ஆகிறது என்று ஒரு கணக்கு. அதில் பெரும்பகுதி விவசாயம் வருவதற்கும் முந்தியது என்று 2014-ல் வந்த இன்னொரு கணக்கு. எதை எடுத்தாலும் இஸ்லாத்துக்கு முந்தியது.

பார்த்தீங்களா, குட்டு உடைஞ்சிடுச்சு என்று குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். நான் பேரேடு பார்த்துப் பிழைப்பவன். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒரு மனுசனுக்கு 1024 மூதாதையர் இடம். ஒய் குரோமோசோம் அதில் ஒருவரைக் காட்டுகிறது, மைட்டோகாண்ட்ரியா இன்னொருவரைக் காட்டுகிறது. மீதி 1022 பேர்? ஆயிரத்து இருபத்து நான்கு கணக்கில் இரண்டைப் பார்த்துவிட்டு நான் கிளையின் இருப்பைச் சொன்னால் அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இனத்தின் இருப்பை மட்டும் இப்படிச் சொல்லலாமாம்.

இனி, பட்டியலில் இடமில்லாதவர்களுக்கு வருவோம்.

சோமாலியரிடையே ‘பிலிஸ்’ என்றால் மேன்மக்கள். அவர்களுக்குக் கீழே மதிபான், தூமால், யிபிர். தோல் வேலை, செருப்பு, முடிவெட்டு, இரும்பு அடிப்பது, தாயத்துக் கட்டுவது. அதே மொழி, அதே மதம், அதே ஒட்டகப்பால். ஆனால் பிலிஸ் வீட்டில் பெண் கொடுக்க மாட்டான், எடுக்க மாட்டான். ஏன் என்று கேட்டால் ஒரு கதை வைத்திருக்கிறான்: மதிபான்களின் முப்பாட்டன் ஒரு பஞ்சத்தில் செத்த மாமிசம் தின்றானாம். எங்கேயோ கேட்ட கதையாக இல்லை? செத்த மாட்டை நம் வாயில் திணித்து, தின்றதனால் தீட்டு என்று எழுதி வைத்தவனும் இவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

இன்னும் கீழே ஜரீர்கள். ‘ஜரீர்’ என்றால் சுருட்டை முடிக்காரன். எதிர்ப்பதம் ‘ஜிலே’, மெத்தென்ற முடிக்காரன். ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் மண்ணைக் கொத்தி ஊருக்குச் சோறு போட்டவர்கள். இவர்களில் பலருடைய முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மொசாம்பிக், மலாவி நிலப்பகுதிகளிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். யாவோ, மக்குவா, சிகுவா என்று தங்களுக்கு இருந்த பேர்களைத் தொலைத்தவர்கள். பாதுகாப்புக்காக ஏதாவது ஒரு குலத்தின் அப்பன் வரிசையில் தங்களை ஒட்டவைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒட்டிக்கொண்டாலும் ‘அதோன்’, அடிமை, என்ற கூப்பிடு போகவில்லை. 1991-ல் அரசு விழுந்தபோது ஆயுதக் குழுக்கள் முதலில் இவர்கள் குதிர்களைத்தான் காலி செய்தன. இவர்களுக்காகப் பழிவாங்க வரும் குலம் இல்லையே! கென்யாவின் தாதாப் முகாம்களுக்கு ஓடினார்கள்.

2000-ல் ஜிபூத்தியின் அர்த்தாவில் சமாதானம் பேசினார்கள். அங்கே பிறந்ததுதான் ‘நாலரை’ கணக்கு. நான்கு பெரிய குலங்களுக்குத் தலைக்கு ஒரு பங்கு. மற்ற எல்லோருக்கும் சேர்த்து அரை. பிறகு வந்த 275 பேர் நாடாளுமன்றத்தில் நாலு அறுபத்தொன்று போக மிச்சம் முப்பத்தொன்று. ஜரீர், கபோயே என்று இன்று அழைக்கப்படும் மதிபான் வகையறா, எல்லோரும் அந்த அரைக்குள்ளே அடித்துக்கொள்ள வேண்டும். மனுசனை அரை என்று எழுதுவதற்கு ஒரு மாநாடு!

2018 செப்டம்பரில் மொகதிஷுவில் ஜரீர் ஒருவரை அடித்து, எரித்துக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம், அவருடைய உறவுப் பையன் செல்வாக்கான குலத்துப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு எந்த ஊர் ஞாபகத்துக்கு வருகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த ஜரீர் தப்பித்து லண்டன் விமான நிலையத்தில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009 செப்டம்பரில் பிரிட்டிஷ் எல்லை முகமை ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. சோமாலியர் என்று சொல்லி அடைக்கலம் கேட்பவர்களின் வாயில் பஞ்சைத் தேய்த்து எடுத்து, முடி, நகம் வெட்டி எடுத்து, இவன் நிஜமாகவே சோமாலிதானா இல்லை கென்யாக்காரனா என்று பார்ப்பது. மரபணு அறிஞர்களே கொதித்தெழுந்தார்கள். டி.என்.ஏ. கைரேகை முறையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரீஸும் அதில் ஒருவர். தேசம் என்பது காகிதத்தில் போட்ட கோடு, செல்லுக்குள் எந்தக் கோடும் இல்லை என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். 2011-க்குள் திட்டம் கைவிடப்பட்டது.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. அந்தச் சோதனையில் யார் தேறுவார்கள்? நூற்றுக்கு 77 பேரில் ஒருவன் தேறுவான். விரட்டிய குலத்துக்காரன் தேறுவான். யார் தோற்பார்கள்? மொசாம்பிக்கிலிருந்து சங்கிலியில் வந்தவளின் பேரன். ஊரில் "நீ சோமாலி இல்லை" என்று அடித்துத் துரத்துகிறான். லண்டனில் "உன் ரத்தம் சோமாலி இல்லை" என்று திருப்பி அனுப்புவான். அடித்தவனும் அனுப்புகிறவனும் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறார்கள். ஒருவனிடம் அப்திர்சீன்யோ இருக்கிறது, இன்னொருவனிடம் சோதனைக்குழாய் இருக்கிறது. சரி, ரத்தப்படி பூர்வீகமான மொசாம்பிக்காவது ஏற்றுக்கொண்டதா? தாதாபில் கிடந்தவர்களை எடுத்துக்கொள்வதாக முதலில் சொன்னது, 1990களின் பிற்பகுதியில் வசதியில்லை என்று கைவிரித்தது. கடைசியில் அமெரிக்கா 1999-ல் ஒப்புக்கொண்டு, சுமார் பன்னிரண்டாயிரம் பேரைச் சில வருசம் கழித்துத்தான் அழைத்துப் போனது. ரத்தம் அவர்களுக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை. மூடத்தான் பயன்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து எத்தியோப்பியாவில் ஆரி என்று ஒரு மக்கள். அவர்களில் விவசாயிகள் உசத்தி, கொல்லர்கள் ஒதுக்கப்பட்டவர்கள். கொல்லர்கள் வேறு இனம், தோற்றுப்போன பழைய வேட்டைக்காரக் குடி என்று ஒரு கதை நீண்ட நாளாக உண்டு. ரத்தமும் முதல் பார்வைக்கு இரண்டையும் வேறு வேறாகக் காட்டியது. 2015-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே குடியிலிருந்து, 4500 வருசத்துக்குள் பிரிந்தவை. பெண் கொடுக்காமல் எடுக்காமல் சின்னக் கூட்டமாக ஒதுக்கி வைத்ததால்தான் ரத்தம் வேறு மாதிரி ஆகியிருக்கிறது. வேறு ரத்தம் என்பதால் ஒதுக்கவில்லை ஐயா, ஒதுக்கியதால் வேறு ரத்தம்! சாதி ரத்தத்திலிருந்து வரவில்லை. சாதிதான் ரத்தத்துக்குள் கையை விட்டுக் கலக்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைத் தோழருக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். 1948-ல் வந்த ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில் அம்பேத்கர் மூக்களவுக் கணக்குகளை எடுத்துப் போட்டு, அந்தக் கணக்குப்படியே பார்ப்பனரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனம்தான் என்று காட்டிவிட்டு, அந்தக் கடையை மூடினார். அதை நாம் எதற்காகத் திரும்பத் திறக்க வேண்டும்? நாளைக்கே ஆய்வு வந்து "நீங்கள் பூர்வகுடி இல்லை, நீங்களும் நேற்று வந்தவர்கள்தான்" என்று சொன்னால், பஞ்சமி நிலத்தைக் கேட்கமாட்டோமா? பூர்வகுடி என்று வந்தால் நமக்குப் பின்னால் நிற்கிற அரைப்பங்குக்காரனை வந்தேறி என்று சொல்லித் தள்ளிவிடுவோமா? ஜரீர் கேட்பது, நான் முதலில் வந்தவன், எனக்குக் கொடு என்பதல்ல. இந்த ஆற்றங்கரையை நான் கொத்தினேன், என் பிள்ளைகளை இங்கே புதைத்தேன், என்னை முழு ஆளாக எழுது என்பது. அதற்கு வாய்ப் பஞ்சு தேவையில்லை.

வங்கிப் படிவத்தில் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தினமும் அதை நிரப்பித்தான் வாங்குகிறேன். வேலை. ஆனால் உரிமைக்கான படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கக்கூடாது. இருந்தால் நிரப்பாதீர்கள். கிழித்துப் போடுங்கள்.