மோக்லியைப் பார்க்க ஓடிய காட்டுப் பையன்

போன மாதம் சென்னையிலிருந்து ஐந்து பேர் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். தெரிந்தவர் சொல்லி அனுப்பியவர்கள். எல்லாருக்கும் முப்பத்தைந்துக்கு மேல், நாற்பதுக்குள். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்ததில் ஒருத்தருக்கு வாந்தி, மற்ற நாலு பேருக்கும் நல்ல பசி. களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்ததும் பேச்சு எப்படியோ சக்திமானில் போய் நின்றது. அப்புறம் தேன் மிட்டாய், டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டு, நடராஜ் பென்சில், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். ஒவ்வொன்றுக்கும் "ஐயோ, ஆமா!" என்று ஒரு கூச்சல்.

"அண்ணா, நீங்களும் நைன்ட்டீஸ் கிட்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார்.

"பின்ன? 1985ல பொறந்தவன் நான்" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம், கை கொடுத்தார்.

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டே அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சன் டிவி 1993ல் வந்தது, கார்ட்டூன் நெட்வொர்க் 1995ல் வந்தது என்பதெல்லாம் நான் பெரியவனான பிறகு தெரிந்துகொண்ட சங்கதி. எங்க ஊருக்கு அப்போ கேபிள் ஏது? 'விடாது கருப்பு' பார்த்துப் பயந்து போர்வைக்குள் ஒளிந்ததாக நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்குக் கருப்பு டிவியில் இல்லை, ஊர் எல்லையில் இருந்தார். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஒண்ணுக்குப் போகக்கூட ஆள் துணை வேண்டும்.

குண்டனி நாடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கொல்லிமலையில் நாடு என்று பெயர் வைத்த ஊராட்சிகளில் ஒன்று, சின்னச் சின்ன ஊர்கள் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கும். என் சிறுவயதில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு டிவி, கறுப்பு வெள்ளை, ரோட்டோரம் கடை வைத்திருந்தவர் வீட்டில். காற்று பலமாக அடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருத்தன் ஓட்டு மேல் ஏறித் திருப்புவான், கீழே இருந்து இருபது பேர் "தெரியுது, தெரியுது... போச்சு" என்று கத்துவோம். கடைக்காரம்மாவுக்கு ஒரு குடம் தண்ணி எடுத்துக் கொடுத்தால் முன்வரிசை.

அங்கேதான் 1993ல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜங்கிள் புக் பார்த்தேன். ஜப்பான்காரர்கள் எடுத்த கார்ட்டூன், தூர்தர்ஷன் இந்தியில் போட்டது. குல்ஸார் எழுதி விஷால் பரத்வாஜ் இசை போட்ட அந்தப் பாட்டு இன்றைக்கும் எனக்கு முழுசாக வரும், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. கதையும் அப்படித்தான். எங்களில் பெரிய அண்ணன் ஒருத்தர் இந்தி தெரிந்த மாதிரி மொழிபெயர்த்துச் சொல்வார். ஷேர்கான் புலி, மோக்லியோட அப்பன் நிலத்தை எழுதிக் குடுன்னு மிரட்டுது, இவன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறான் — இதுதான் எங்க ஊர் ஜங்கிள் புக். ரொம்ப வருஷம் அதை நம்பினேன்.

இப்போது யோசித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. காட்டில் வளர்ந்த ஒரு பையனைப் பார்ப்பதற்காக, காட்டில் வளர்ந்த நாங்கள் காட்டை விட்டு ஓடினோம்.

ஓடினோம் என்று சும்மா சொல்லவில்லை. அப்போது எங்களுக்கு ஒரு ஏக்கருக்கு மேல் சாமைதான். கதிர் முற்றுகிற சமயம் பகல் முழுக்கக் குருவி ஓட்ட ஆள் வேண்டும். பெரியவர்களுக்கு வேறு வேலை இருக்கும், அதனால் அது கிழவிக்கும் பிள்ளைகளுக்குமான வேலை. வள்ளி தினைப்புனம் காத்தாள் என்று படித்திருப்பீர்கள். எங்கள் ஆயா காத்தது சாமைப்புனம். நாலு கம்பு நட்டு மேலே பரண், ஒரு பழைய எண்ணெய் டின், ஒரு குச்சி, கவண். டின்னைத் தட்டுவதற்கு நடுவில் ஆயா கதை சொல்லும். குருவி வந்தால் கதை நிற்கும். டின் சத்தம், ஒரு "ஹோய்", பிறகு விட்ட இடத்திலிருந்து கதை. வாரநாளில் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பரண் முறை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் மோக்லியும்.

"ஆயா, தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று இறங்கினால் இறங்கினதுதான். அதற்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு தடவை, "உன் ஓநா(ய்)ப் பையன் நல்லா இருக்கானா?" என்று மட்டும் கேட்டது.

அதே வருஷங்களில்தான் மலையில் இன்னொரு மாற்றமும் வேகமாக நடந்துகொண்டிருந்தது. சாமையும் கேழ்வரகும் இருந்த காடெல்லாம் குச்சிக்கிழங்குக்கு மாறியது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். விற்றால் கையில் மொத்தமாகப் பணம். சாமையைப் போல உரலில் போட்டுக் குத்திச் சாக வேண்டாம் (எங்கள் வீட்டுப் பெண்கள் கிழங்குக்கு முதல் ஓட்டுப் போட்டதற்குக் காரணம் அதுதான், அதை நான் தப்புச் சொல்ல மாட்டேன்). முக்கியமாக, கிழங்கைக் குருவி தின்னாது. பன்றி தோண்டும், அதற்கு ராத்திரிக் காவல், ஆம்பளைங்க வேலை. பகலில் பரண் தேவையில்லை. பரண் இல்லையென்றால் ஆயாவுக்கும் பேரனுக்கும் அங்கே வேலை இல்லை.

நகரத்து நண்பர்கள் பலர் எழுதும் இன்னொரு ஞாபகம் உண்டு. கோடை விடுமுறை, மொட்டை மாடி, அம்மா பிழிந்து காயவைத்த ஜவ்வரிசி வடாம், கையில் குச்சியோடு காக்கா ஓட்டும் வேலை, பாதி காய்ந்த வடாமைத் திருடித் தின்றது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஜவ்வரிசியில் எங்கள் மலைக் கிழங்கும் கொஞ்சம் இருந்திருக்கும். இங்கே குருவி ஓட்டும் வேலை நின்று போக, அங்கே நீங்கள் காக்கா ஓட்டியிருக்கிறீர்கள். கோபத்தில் சொல்லவில்லை, நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

எங்களுக்கு டிவி என்று முறையாக வந்தது 2006க்குப் பிறகு, அரசு கொடுத்த இலவச கலர் டிவியோடு. 2007ல் சுட்டி டிவி வந்தது. என் தொண்ணூறுகளின் பாதியை நான் இருபத்தி இரண்டு வயசில், என் அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழில் பார்த்தேன். அதனால் எனக்குக் கார்ட்டூன் மேல் வெறுப்பு கிடையாது. நைன்ட்டீஸ் கிட்ஸ் என்று நீங்கள் கொண்டாடுவதிலும் எனக்குக் குறை இல்லை. என் குறை ஒன்றே ஒன்று. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் எங்கேயோ பதிவாகி, திரும்பக் கிடைக்கிற பொருள்கள். சக்திமான் யூடியூபில் இருக்கிறார். தேன் மிட்டாய் டப்பாவில் போட்டு ஆன்லைனில் வருகிறது. மோக்லி பாட்டு ஒரு தட்டு தட்டினால் வரும். திரும்பக் கிடைப்பதை மட்டும்தான் நாம் ஞாபகம் என்று சொல்லப் பழகிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் ஆயாவை யாரும் கேசட்டில் பிடித்து வைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்திருப்பார். அவர் சொன்னது எந்தப் பட்டியலிலும் இல்லை.

வந்திருந்த ஐவரில் ஒருவர், என் மகன் திண்ணைக் கோடியில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "இவ்ளோ அழகான இடத்துல இருந்துகிட்டு ஃபோனை நோண்டுறியேப்பா, நாங்கல்லாம் சின்ன வயசுல..." என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சின்ன வயசில் சக்திமான் பார்த்ததை அரைமணி நேரம் பேசிவிட்டு இதைச் சொல்கிறார். மலையில் இருக்கிற பிள்ளை மட்டும் அருவியையும் மரத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். "விடுங்க சார், நானும் காட்டை விட்டு டிவி பாக்க ஓடினவன்தான்" என்றேன். அவர் சிரித்தார். பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான், அவனுக்கு அது புதுச் செய்தி.

மூன்று வருஷமாக அரை ஏக்கர் மட்டும் சாமை போடுகிறேன். இப்போது அரைக்கிற மிஷின் வந்துவிட்டதால் குத்துகிற பாடு இல்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து சாமைக்கு விலையும் கேட்கிறார்கள். லாபத்தைக் கேட்காதீர்கள், கிழங்குதான் வீட்டை ஓட்டுகிறது. குருவி மட்டும் அப்படியே இருக்கிறது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைப் பரணுக்குக் கூட்டிப் போனேன். ஃபோனோடுதான் வந்தான். சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஆயா கதை சொல்லும்னு சொல்லுவியே, அது என்னா கதை?" என்றான்.

ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி, அருவிக்கு அந்தப் பக்கம் கல்லாகிப் போன கதை. நன்றாகவே ஆரம்பித்தேன். ஆறு அண்ணன்கள் தேடிப் போய்த் திரும்பி வந்தார்கள். ஏழாவது ஆள் கிளம்பினான். அவன் அருவியைத் தாண்டும் இடத்தில் எனக்கு நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவே இல்லை. அந்த இடத்தில்தான் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணி குடிக்க இறங்கியிருக்கிறேன்.

"அப்புறம்?" என்றான்.

ஒரு கூட்டம் குருவி இறங்கியது. டின்னை எடுத்துத் தட்டினேன். பறந்து போனது. பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல், அந்த ஏழாவது அண்ணனை ஒரு ஓநாய்க் கூட்டம் எடுத்து வளர்த்தது என்று சொல்லிவிட்டேன்.