"விசேஷம் உண்டா?" என்று மருத்துவரும் கேட்க வேண்டும்

கல்யாணமாகி ஆறு மாதம் போனால் போதும், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று உறவும் தெருவும் கேட்கத் தொடங்கிவிடும். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஆணுக்கு அந்தக் கேள்வி ஊசியாகக் குத்தும். ஆனால், அதை அக்கறையோடு கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, உயிர் தங்குமா என்பதே கவலையாக இருந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. இன்று காலத்தோடு சிகிச்சைக்கு வந்து, மாத்திரையை விடாமல் எடுப்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழலாம். அப்படியிருக்க, அப்பாவாகும் ஆசையும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அந்தப் பேச்சை மருத்துவரே முதலில் எடுக்க வேண்டும்.

சிகிச்சை இல்லாவிட்டால் வைரஸ் ஆண்மலட்டுத்தன்மைக்கு வழிவிடலாம். நோய் முற்றி, எதிர்ப்புச் சக்தி தரும் சிடி4 அணுக்கள் குறையும்போது விந்தணுக்களின் எண்ணிக்கையும் நகரும் திறனும் சரியக்கூடும். டெஸ்டோஸ்டிரோன் சுரப்பும் தளரும். மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 34 ஆண்களை 48 வாரம் கவனித்த நெதர்லாந்து ஆய்வு 2008-இல் வெளியானது. முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் 28 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்திருந்தன. மற்ற அளவுகள் பெரிதாக மாறவில்லை. இதனால் கருத்தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம். பிள்ளையே பிறக்காது என்று பொருளில்லை. மருத்துவர் கேட்காமல் விடுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. சோர்வென்று வருபவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் தெம்பு வரலாம், ஆனால் விந்தணு உற்பத்தி அடங்கிவிடும். குழந்தை வேண்டுமா என்று முன்பே கேட்டிருந்தால் அந்த ஊசியைத் தவிர்த்திருக்கலாம்.

"மாத்திரையால் விந்தணு குறையும் என்று சொன்னால் மாத்திரையையே நிறுத்திவிடுவார்களே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால், மருத்துவர் சொல்லாததைக் கைப்பேசி அரைகுறையாகச் சொல்லும். மாத்திரை நிற்பது அப்போதுதான். நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும், மனைவிக்கும் ஆபத்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே பாதுகாப்பு. விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். ஆகவே ஒரு பரிசோதனையில் குறை தெரிந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். தேவையானால் மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரே முடிவெடுக்கலாம்.

"குழந்தைக்கும் வருமே" என்பது அடுத்த கேள்வி. தாய்க்குத் தொற்று இல்லையென்றால் தந்தையிடமிருந்து குழந்தைக்கு வராது; காக்க வேண்டியது தாயைத்தான். 2016-இல் வெளியான ஐரோப்பிய 'பார்ட்னர்' ஆய்வு 888 இணையர்களைக் கவனித்தது. ஒருவருக்குத் தொற்று இருந்தும், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிரதிகளுக்குக் கீழே வைரஸ் அடங்கியிருந்த காலத்தில், ஆணுறையற்ற சுமார் 58,000 உறவுகளில் ஒருமுறைகூட அது துணைக்குப் பரவவில்லை. விந்தணு குறைந்தவர்களுக்கு விந்தணுவைக் கழுவும் முறை இருக்கிறது. இத்தாலிய மருத்துவர் செம்ப்ரினி 1992-இலேயே அதன் பலனை வெளியிட்டார். அடர்த்தியான கரைசல் மேல் விந்தை ஊற்றிச் சுழற்றினால், வைரஸ் தங்கும் திரவமும் வெள்ளணுக்களும் மேலே நிற்க, விந்தணுக்கள் அடியில் படியும். அவற்றைக் கழுவி, சோதித்து, கருப்பையில் செலுத்துவார்கள்.

"ஏற்கெனவே நெரிசலான மையங்களில் இதற்கெல்லாம் நேரமேது?" என்றும் கேட்கலாம். கருத்தரிப்புச் சிகிச்சையை அங்கே நடத்தச் சொல்லவில்லை. ஒரு கேள்வி, ஒரு வைரஸ் அளவுப் பரிசோதனை, தேவைப்பட்டால் விந்துப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு, மனைவியையும் உட்கார வைத்து ஆலோசகர் பேசும் கால் மணி நேரம், இவ்வளவுதான் வேண்டும். 2018 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம், தொற்றைக் காரணம் காட்டி மருத்துவ சேவையை மறுக்கக் கூடாது என்கிறது. கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பாமலிருந்தால் மட்டும் அந்தச் சட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிடாது. கேட்கக் கூசி மாத்திரையோடு வீடு திரும்புகிறவரிடம் நாமாகப் பேச்சைத் தொடங்குவதும் சிகிச்சைதான்.