தோற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் எப்போது?

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உதைபந்தாட்டம் தொடங்கும்போது இங்கு இரவு எட்டரை மணி. அங்கு கோடைகால நேரம் நடைமுறையில் இருந்தால் ஏழரை. குடாநாட்டு இளைஞரில் பெரும் பகுதியினருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். லிவர்பூலோ ஆர்சனலோ அடுத்த மாதம் யாருடன், எந்த மைதானத்தில் ஆடவுள்ளது என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்வார்கள். உங்களுடைய ஊர்க் கழகம் அடுத்த மாதம் யாருடன் ஆடும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அது அவர்களுடைய அறியாமை அன்று. அப்படியொரு திகதி பெரும்பாலும் நிர்ணயிக்கப்படுவதே இல்லை.

எம்மிடம் ஆட்டம் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன், வதிரி டயமண்ட்ஸ், நவிண்டில் கலைமதி, துறையூர் ஐயனார் எனக் கழகங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். மறைந்த வீரர் ஒருவரின் நினைவாகவோ, கழகத்தின் ஆண்டுவிழாவை முன்னிட்டோ, புலம்பெயர்ந்த உறவுகளின் அனுசரணையுடன் மின்னொளியில் சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. சனம் திரள்கிறது. பணப்பரிசும் சிறியதன்று. ஆனால் இவற்றில் மிகப் பெரும்பாலானவை விலகல் முறையிலானவை. 32 அணிகள் பங்குபற்றும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியில் 16 அணிகள் ஒரேயொரு ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றன. இன்னும் 8 அணிகள் இரண்டாவது ஆட்டத்துடன் வெளியேறுகின்றன. ஆறு மாதம் பயிற்சி எடுத்த பதினெட்டு வயதுப் பையனுக்குக் கிடைப்பது ஒரு மணித்தியாலமோ ஒன்றரை மணித்தியாலமோதான். அந்த ஆட்டத்தில் மத்தியஸ்தரின் தீர்ப்பு ஒன்று பிழைத்துவிட்டால் அவனுடைய பருவகாலமே முடிந்துவிடுகிறது. எமது மைதானங்களில் கைகலப்புகள் ஏற்படுவதற்கு ஒழுக்கக்குறைவை மட்டும் காரணம் காட்டுவது சரியல்ல. திருத்திக்கொள்வதற்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லாத இடத்தில் ஒவ்வொரு தீர்ப்பும் வாழ்வா சாவா என்றாகிவிடுகிறது.

இங்கிலாந்தும் ஒரு காலத்தில் இதே இடத்திலேயே நின்றது என்பது நோக்கற்பாலது. 1863 ஒக்டோபர் 26 ஆம் திகதி லண்டனில் ஃபிறீமேசன்ஸ் விடுதியில் கூடியவர்கள் உதைபந்தாட்டச் சங்கத்தை அமைத்தார்கள். எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா கூடாதா என்பதே அங்கு எழுந்த பெரிய வாக்குவாதம். உதைக்கலாம் என்று நின்ற கழகம் வெளியேறியது. விதிகள் பிறந்தன. 1871 இல் சங்கக் கிண்ணச் சுற்றுப்போட்டி அறிவிக்கப்பட்டது. அதுவும் விலகல் முறைதான். முதல் பத்தாண்டுக்கு மேலாகக் கிண்ணம் இராணுவ அதிகாரிகளுக்கும் உயர்குடிப் பாடசாலைகளின் பழைய மாணவர்களுக்குமே சொந்தமாக இருந்தது. 1883 இல் பிளக்பேர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி ஈற்றன் கல்லூரியின் பழைய மாணவர்களை 2 இற்கு 1 என்று வென்றபோதுதான் ஆட்டம் கைமாறியது. 1885 இல் வீரர்களுக்குச் சம்பளம் வழங்குவது சட்டபூர்வமாக்கப்பட்டது.

அங்கேதான் சிக்கல் முளைத்தது. வாராவாரம் சம்பளம் கொடுக்க வேண்டும். வாராவாரம் ஆட்டமோ இல்லை. கிண்ணத்தில் தோற்றால் எஞ்சுவது சிநேகபூர்வ ஆட்டங்கள் மட்டுமே. அவற்றையும் எதிரணி கடைசி நேரத்தில் கைவிட்டுவிடும். நுழைவுச்சீட்டு வாங்க வந்த சனம் ஏமாந்து திரும்பும். அஸ்ரன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளில் ஒருவரான வில்லியம் மக்கிறெகர் பேர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்தவர், ஸ்கொட்லாந்துக்காரர். வரவு செலவு தெரிந்த மனிதர். 1888 மார்ச் 2 ஆம் திகதி அவர் சில கழகங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றுடனும் தன் மைதானத்தில் ஒருமுறையும் அவர்கள் மைதானத்தில் ஒருமுறையும் ஆடுவது என்று முன்கூட்டியே திகதி குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் திகதி 12 கழகங்களுடன் லீக் ஆரம்பமாயிற்று. லங்கஷயரிலிருந்து ஆறு, மத்திய இங்கிலாந்திலிருந்து ஆறு. தலைநகர் லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. தலைநகரம் வழிகாட்டும் என்று காத்திருப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இன்று உலகம் முழுவதும் ஒளிபரப்பாகும் அந்தப் பெரிய வியாபாரத்தின் வித்து இந்த அட்டவணைதான். 1850 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மூடச் செய்திருந்தது. தொழிலாளிக்கு அரைநாள் ஓய்வு கிடைத்தது. அந்த அரைநாளை என்ன செய்வது என்பதற்கு லீக் விடை கொடுத்தது.

அங்கிருந்த கழகங்களும் எம்முடையவை போன்றவையே. மன்செஸ்டர் யுனைட்டெட் 1878 இல் புகையிரதத் தொழிலாளர்களின் அணியாகத் தோன்றியது. ஆர்சனல் 1886 இல் ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்கள் தொடங்கியது. சவுதாம்ப்டன் 1885 இல் சென். மேரிஸ் தேவாலயத்தின் இளைஞர்கள் அமைத்த அணி. அதன் இன்றைய மைதானமும் சென். மேரிஸ் என்றே அழைக்கப்படுகிறது. நாவாந்துறைக்காரர் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். 1887 இல் ஒரு பாதிரியார் சென். பீற்றர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அணியே இன்றைய பார்ன்ஸ்லி. அந்தக் கழகத்துக்காக 2023 இல் களமிறங்கிய, வேல்ஸில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதலாவது தமிழர் என்று கொண்டாடப்பட்டார். எமது பத்திரிகைகளும் படம் போட்டு மகிழ்ந்தன. மகிழ வேண்டியதே. ஆயினும் சிறுவயது முதல் வயதுப்பிரிவு அணிகளில் வாராவாரம் ஆடும் வாய்ப்பு அங்குள்ள பிள்ளைக்கு இருக்கிறது. அந்த வாய்ப்பு இங்குள்ள பிள்ளைக்கு ஏன் இல்லை என்று எவரும் எழுதவில்லை, நாமும் எழுதவில்லை.

எமது தலைமுறைக்கு இங்கிலாந்து அணி மீது ஏற்பட்ட பிரியத்துக்கு ஓர் இருண்ட காலப் பின்னணி உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு மின்சாரம் நின்றது. யூலை 4 ஆம் திகதி இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் மோதிய உலகக்கிண்ண அரையிறுதியின் முடிவை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலியை இயக்கி அறிந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். அடியேனும் அவர்களுள் ஒருவன்.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியில் ஒன்றுகூடுமாறு விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டு, சில மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வீடும் கடையும் போனதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு பாடசாலை அணியும், ஒரு தெருவின் கழகமும், மாலையில் பந்தடிக்க வந்த அயலூர்ப் பையன்களுடன் இருந்த வாரப் பழக்கமும் அன்று அறுந்ததைப் பற்றி எழுதியவர் குறைவு. புத்தளத்தில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் அந்த ஊரின் மைதானங்களில் பந்தாடப் பழகினார்கள். உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன ஊர் அது. மீண்டும் வந்து குடியேறிய குடும்பங்கள் சொற்பம். ஜின்னா மைதானத்தில் மறுபடியும் பந்து உருள்கிறது. ஆனால் விலகல் முறைச் சுற்றுப்போட்டிக்கு அழைப்பு வரும், ஓர் ஆட்டம் ஆடுவார்கள், போவார்கள். லீக் முறையில் அப்படியல்ல. நாவாந்துறை அணி ஒருமுறை சோனகத் தெருவுக்குப் போயாக வேண்டும். சோனகத் தெரு அணி ஒருமுறை நாவாந்துறைக்கு வந்தாக வேண்டும். அடுத்த ஆண்டும் அப்படியே. நல்லிணக்கக் கருத்தரங்குகளுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

இங்கிலாந்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டாம். 1920 டிசெம்பரில் பெண்களின் ஆட்டம் ஒன்றைக் காண லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே சங்கம் தனது கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அந்தத் தடை அரை நூற்றாண்டு நீடித்தது. வீரர்களின் சம்பளத்துக்கு 1961 வரை உச்சவரம்பு இருந்தது. 1989 இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கிய 97 பேரின் உயிர்கள் பறிபோயின. அதன் பின்னர் இருக்கைகள் வந்தன, பாதுகாப்பு வந்தது, கூடவே நுழைவுச்சீட்டின் விலையும் ஏறியது. 1992 இல் பிறிமியர் லீக் பிரிந்து சென்ற பின்னர், எந்தத் தொழிலாளியின் அரைநாளில் இந்த ஆட்டம் வளர்ந்ததோ அவனுடைய பேரன் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. 2019 இல் பெரி என்ற 134 வயதுக் கழகம் கடன் முற்றி லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. எமது ஊர்க் கழகங்கள் ஏழைகளாக இருக்கலாம். அவை இன்னும் ஊருக்கே சொந்தமாக இருக்கின்றன என்பது சிறிய செல்வமன்று.

பெண்கள் விடயத்தில் எமது நிலை இன்னும் வருந்தத்தக்கது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் பலமுறை சம்பியனானவர்கள். பாடசாலையை விட்டு வெளியேறிய மறுநாள் அவர்கள் எந்தக் கழகத்தில், எந்தப் போட்டியில் ஆடுவது?

வேடிக்கை என்னவென்றால், லீக் என்ற சொல்லுக்கு எம்மிடம் பஞ்சமே இல்லை. யாழ்ப்பாண லீக், வலிகாமம் லீக், பருத்தித்துறை லீக் என்று இருக்கின்றன. ஆனால் இங்கு லீக் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் கொண்ட ஓர் அமைப்பு என்றே சனம் விளங்கிக்கொள்கிறது. மக்கிறெகருக்கு அது ஓர் ஆட்ட அட்டவணை. இந்த அமைப்புகள் போட்டி எதனையும் நடத்துவதில்லை என்று சொல்லவில்லை. வளங்கள் குறைவு, மத்தியஸ்தர்கள் குறைவு, அதுவும் உண்மை. கொழும்பிலிருந்து பெரிதாக எதிர்பார்க்கவும் இடமில்லை. 1995 இல் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்ற நாடு, நிர்வாகக் குழப்பங்களால் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை ஃபீஃபாவால் இடைநிறுத்தப்பட்டு, அவ்வாண்டின் தெற்காசியச் சம்பியன்ஷிப்பில் ஆடவே முடியாமற் போனது. 2021 இல் தொடங்கப்பட்ட சுப்பர் லீக்கில் 10 கழகங்கள் இருந்தன. வடக்கிலிருந்து ஒன்றும் இல்லை.

மைதானமும் ஒரு சாட்டாக இனி நிற்காது. 1999 இல் புனரமைப்பின்போது எலும்புக்கூடுகள் வெளிப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு, இந்திய உதவியுடன் சீரமைக்கப்பட்டு 2016 யூனில் திறந்து வைக்கப்பட்டது. ஆயினும் லீக்குக்கு அந்த அரங்கம் அவசியமே இல்லை. ஒவ்வோர் ஊரிலும் இருக்கும் மைதானம் போதும். கிரிக்கெட்டைப் பாருங்கள். சென். ஜோன்ஸ், மத்திய கல்லூரி அணிகளின் வடக்கின் பெரும் போர் 1904 இல் தொடங்கிப் போர்க்காலத் தடங்கல்களையும் கடந்து நிற்கிறது. மார்ச் வந்தால் ஆட்டம் வரும் என்று வெளிநாட்டில் இருப்பவனும் விமானச்சீட்டு எடுக்கிறான். நாட்காட்டியில் இடம்பிடித்ததாலேயே அது நிலைத்தது.

10 கழகங்கள் சேர்ந்தால் போதும். இரு மைதான முறையில் ஒவ்வொரு கழகத்துக்கும் 18 ஆட்டங்கள், 18 வாரங்கள். மாரி மழைக்கும் பரீட்சைகளுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் இடம் விட்டுக் குறித்தாலும் தையிலிருந்து ஆவணிக்குள் முடித்துவிடலாம். நோன்பு மாதம் இடையில் வந்தால் ஆட்ட நேரத்தைச் சற்று மாற்றலாம். இங்கிலாந்திலேயே 2021 ஏப்ரலில் லெஸ்டர், கிறிஸ்டல் பலஸ் அணிகளின் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வீரர்கள் நோன்பு திறக்க வழிவிட்டார்கள். நினைவுக் கிண்ணங்களை நிறுத்த வேண்டியதில்லை. சங்கக் கிண்ணம் லீக்குடன் கூடவே இன்றும் நடக்கிறது. அனுசரணையாளர்கள் இறுதியாட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அணிகளின் போக்குவரத்துக்கும் மத்தியஸ்தர்களின் கொடுப்பனவுக்கும் திருப்பிவிட்டாலே தொடங்கிவிடலாம்.

விதிகள் யாவும் முடிவான பின்னர் பார்க்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். 1888 செப்டெம்பரில் அந்த 12 கழகங்கள் ஆடத் தொடங்கியபோது, வெற்றிக்கு எத்தனை புள்ளி, சமநிலைக்கு எத்தனை என்பதுகூடத் தீர்மானிக்கப்பட்டிருக்கவில்லை. அதை நவம்பரில்தான் பேசி முடித்தார்கள்.